நோட்டையும் தராசில் ஏற்றிப் பாருங்கள்

மாசி பிறந்துவிட்டால் நோட்டுப் புத்தக ஏஜெண்டுகள் மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்கு வந்துவிடுவார்கள். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு இப்போதே ஆர்டர் கொடுத்தால் இவ்வளவு தள்ளுபடி, நூறு டஜன் எடுத்தால் சுவர்க்கடிகாரம் இலவசம், பணம் ஜூலையில் கொடுத்தால் போதும் என்று பேச்சு நடக்கும். மளிகைக்கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் பலருக்கு நோட்டும் பேனாவும் பக்கச் சரக்குதான். வாடிக்கையாளர் தம் பிள்ளைக்காகக் கேட்கிறார், நாமும் அலமாரியில் நாலு தட்டு ஒதுக்கி அடுக்கி வைக்கிறோம். ஆனால் மே கடைசி முதல் ஜூன் கடைசி வரை அந்த நாலு தட்டில் முடங்கும் பணம் கொஞ்சமல்ல என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கும்போது நாம் என்னவெல்லாம் செய்கிறோம்! மூட்டையில் ஊசி போட்டு மாதிரி எடுக்கிறோம், உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறோம், ஒன்றைப் பல்லில் கடித்து ஈரம் பார்க்கிறோம். மிளகைத் தண்ணீரில் போட்டு மிதப்பது எவ்வளவு என்று பார்க்கிறோம். நோட்டு வாங்கும்போது மட்டும் அட்டையில் இருக்கும் கிரிக்கெட் வீரர் படத்தைப் பார்த்துவிட்டு டஜன் என்ன விலை என்று கேட்கிறோம். இது ஏன் என்று நமக்கு விளங்கவில்லை.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் நம்மிடம் இருபது ஆண்டுகளாக மளிகைச் சரக்கு எடுக்கிறார். நோட்டை மட்டும் சென்ற ஆண்டு வேனில் வந்த ஒருவரிடம் ரொக்கத்துக்கு வாங்கியிருக்கிறார். ஆடி மாதம் நம் கடைக்கு வந்தவர் முகம் சரியில்லை. "என்ன தம்பி?" என்றோம். "நோட்டுல லாபம் பாக்கப் போயி மளிகையை விட்டுட்டேன் அண்ணாச்சி" என்றார். அந்த நோட்டில் பேனா வைத்தால் மை ஊறிப் பின்பக்கமும் வந்து நிற்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் இந்த நோட்டு வேண்டாம் என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். தாய்மார்கள் பாதி எழுதிய நோட்டோடு கடை வாசலில் வந்து நின்றார்கள். மாற்றிக் கொடுக்க வேறு சரக்கு இல்லை. அதில் ஆறு வீட்டுக்காரர்கள் மாதாந்திரச் சீட்டையும் அடுத்த தெருக் கடைக்கு மாற்றிக்கொண்டார்கள். வேன்காரர் போன் எடுப்பதில்லை.

நோட்டில் ஒன்றுக்கு நாலு ரூபாயோ ஐந்து ரூபாயோ நிற்கும். மாதம் மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் சாமான் வாங்கும் வீடு அதற்காகப் போய்விட்டால் அது எந்தக் கணக்கு?

ஆகவே இந்த மாசியில் நாம் ஒரு காரியம் செய்தோம். ஏஜெண்டு கொடுக்கும் மாதிரியை நம்பாமல், வெளிக் கடைகளில் காசு கொடுத்துப் பதினான்கு வகை நோட்டு வாங்கினோம். மாதிரி நோட்டு என்பது பெண் பார்க்க வரும்போது உடுத்தும் சேலை மாதிரி, அதை வைத்து முடிவு செய்ய முடியாது. கூடவே பால் பாயிண்ட், ஜெல், மைப் பேனா, மை புட்டி, டிராயிங் நோட்டு, சார்ட் என்று ஒரு பெட்டி நிறைந்தது. குடோன் மேஜையில் பதினைந்து நாள் வைத்து, நமது கணக்கரும் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரனும் துணைக்கு இருக்க, ஒவ்வொன்றாகச் சோதித்தோம். இதற்கு ஆய்வுக்கூடம் ஒன்றும் வேண்டியதில்லை. மளிகைக்கடையில் இருக்கிற தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், கள்ளநோட்டு பார்க்கும் விளக்கு, இவை போதும்.

தராசு சொல்லும் கணக்கு

காகிதத்தின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள காகிதம் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் அதன் ஜி.எஸ்.எம்., வேறு மந்திரம் எதுவும் இல்லை. நாம் வாங்கிய பதினான்கில் மூன்றில்தான் இது அட்டையில் அச்சிட்டிருந்தது. மற்றவர்களைக் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். ஆனால் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்பது எடைக் கணக்குத்தானே? எடையில் நம்மை ஏமாற்ற முடியுமா?

பெரிய நோட்டு என்று நாம் விற்பது பெரும்பாலும் 24 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம். 192 பக்கம் என்றால் 96 தாள். நீளத்தை அகலத்தால் பெருக்கி, தாள் எண்ணிக்கையால் பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் சதுர மீட்டர் வந்துவிடும். 24 பெருக்கல் 18 பெருக்கல் 96, அதை 10,000-ஆல் வகுக்க 4.15 வருகிறது. அட்டையைக் கழற்றிவிட்டு உள்தாளை மட்டும் எலெக்ட்ரானிக் தராசில் வைத்து, வரும் கிராமை 4.15-ஆல் வகுத்தால் ஜி.எஸ்.எம். கையில் வந்துவிடும். 249 கிராம் இருந்தால் 60. 224 கிராம் என்றால் 54. 199 கிராம்தான் என்றால் அது 48. சின்ன நோட்டு 19-க்கு 15.5 சென்டிமீட்டர் இருந்தால், அதே 96 தாளுக்கு 2.83-ஆல் வகுக்க வேண்டும்.

54 என்று சொல்லி 48 கொடுத்தால் ஒரு நோட்டுக்கு 25 கிராம் குறைவு. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நூறு டஜனுக்கு 30 கிலோ காகிதம் நம் கைக்கு வராமலே போகிறது. 30 கிலோ சர்க்கரை குறைந்தால் லாரியை நகர விடுவோமா?

ஆலையிலேயே ஓரிரண்டு கிராம் ஏறி இறங்கும், அதற்காக யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் வாங்கி நூற்றுக்கு இரண்டு மூன்று கிராம் கூடுதலாகக் காட்டும். ஐப்பசியில் எடை போட்டு நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஜெராக்ஸ் பேப்பர் விற்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஏ4 அளவில் 500 தாள் கொண்ட ரீம் 80 ஜி.எஸ்.எம். என்றால் ஏறத்தாழ 2 கிலோ 495 கிராம், 75 என்றால் 2 கிலோ 340, 70 என்றால் 2 கிலோ 185 இருக்க வேண்டும். மேல் உறை இதில் சேராது.

பக்கக் கணக்கிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 24 தாள் ஒரு குயர். அதை நடுவில் மடித்துத் தைத்தால் 48 இலை, 96 பக்கம். இரண்டு குயர் மடித்தால் 192. பழைய கணக்கு இப்படித் துல்லியமாக இருந்தது. இப்போது 172, 160 என்று பல எண்கள் வந்துவிட்டன. அட்டையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தால் அது ஏமாற்று ஆகாது, நாம்தான் படிக்க வேண்டும். ஆனால் நாம் எண்ணிய ஒரு நோட்டில் 192 என்று போட்டுவிட்டு உள்ளே 94 தாள்தான் இருந்தது. 188 பக்கத்தோடு அட்டையின் நாலு பக்கத்தையும் சேர்த்துக் கொண்டிருக்கிறார்கள்! தேங்காயை நாரோடு நிறுத்துக் கொடுக்கிற மாதிரி.

எடை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காகிதத்தில் நாரோடு சுண்ணாம்புத் தூள், களிமண் மாவு முதலியவை சேர்ப்பது வழக்கம். அளவோடு சேர்த்தால் தாள் வழுவழுப்பாகவும் பின்பக்க எழுத்து தெரியாமலும் இருக்கும், அது கலப்படம் அல்ல. அளவு மீறினால் எடை காட்டும், உறுதி இராது. கறுப்புத் துணியால் தாளை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் வெள்ளைப் பொடி ஒட்டினால் எழுதும்போது பேனா முனையில் அந்தப் பொடிதான் ஏறி அடைக்கும். 58 ஜி.எஸ்.எம். காட்டிய ஒரு நோட்டு இந்தச் சோதனையில் துணியை வெள்ளையாக்கிவிட்டது.

எந்த ஆலைக் காகிதம் என்று கேட்பதும் நல்லது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் டி.என்.பி.எல். ஆலை 1979-இல் தொடங்கப்பட்டு 1984-இல் உற்பத்திக்கு வந்தது. கரும்புச் சக்கையிலிருந்து எழுதும் காகிதம் செய்வதில் அதற்குப் பெயர் உண்டு. பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலை 1960 முதல் இருக்கிறது. இப்படிப் பெயர் சொல்லக்கூடிய ஆலைக் காகிதத்தில் நோட்டுப் போடுகிறவர் கேட்டவுடன் சொல்லிவிடுவார், சிலர் ரீம் உறையையே காட்டுவார்கள். கழிவுக் காகிதத்தை மறுபடி அரைத்துச் செய்யும் சிறு ஆலைச் சரக்கும் தேவைதான். ரஃப் நோட்டுக்கு அது தாராளம். முதல் தரம் என்று சொல்லி அதைக் கொடுத்தால்தான் தகராறு.

ஒரு சொட்டுத் தண்ணீர்

மை ஏன் ஊறுகிறது? காகிதம் அடிப்படையில் பஞ்சு மாதிரித் தண்ணீரை உறிஞ்சும் பொருள். அது உறிஞ்சாமல் இருக்க ஆலையில் பசை ஏற்றுகிறார்கள். பைன் மரப் பிசினும் படிகாரமும் சேர்த்து ஏற்றுவது பழைய முறை. இப்போது பெரிய ஆலைகள் வேறு ரசாயனப் பசைகளுக்கு மாறிவிட்டன. மேற்பரப்பில் மக்காச்சோள மாவு அல்லது மரவள்ளி மாவுக் கஞ்சியும் பூசுவார்கள். சேலத்து ஜவ்வரிசி வியாபாரிகளுக்கு இது தெரிந்த செய்தி. பசையில் கைவைத்தால் செலவு மிச்சம், தாளோ மை ஒற்றும் காகிதம் மாதிரி ஆகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துத் தாளில் வைத்தால் போதும். சொட்டு முத்து மாதிரி நின்று மெல்ல அடங்கினால் பசை நன்றாக இருக்கிறது. வைத்த உடனே பரவி மறுபக்கம் நனைந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். நமது பதினான்கில் நாலு இதில் தோற்றன. அந்த நாலிலும் பேரன் மைப் பேனாவால் "அ" எழுதியபோது எழுத்தின் ஓரமெல்லாம் பூச்சிக்கால் மாதிரிப் பிரிந்து போயிற்று. ஆக, சொட்டுத் தண்ணீர் சொன்னதும் பேனா சொன்னதும் ஒன்றுதான். அதே சொட்டை நீலக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கோடு கரைந்து ஓடினால், வேர்த்த கையோடு எழுதும் பிள்ளையின் நோட்டு என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பால் பாயிண்ட் பேனாவுக்கு வேறு சோதனை. அதன் மை எண்ணெய்ப் பசை உள்ளது, ஊறாது. ஆனால் அழுத்தி எழுதும் பிள்ளையிடம் மெல்லிய தாள் குழி விழுந்து பின்பக்கம் எழுத முடியாமல் போகும். ஒரு பக்கம் அழுத்தி எழுதிவிட்டு அடுத்த தாளைத் தடவிப் பாருங்கள். 54-க்குக் கீழே போன எல்லாவற்றிலும் தடவினால் எழுத்து கைக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் எழுத முடியாத 192 பக்க நோட்டு 96 பக்க நோட்டுத்தான்.

வெள்ளை நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளவென்று நீலம் பாரித்த வெள்ளையாக இருந்தால் அது உயர்ந்த காகிதம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவது போல் காகிதத்துக்கும் வெளுப்பு மருந்து சேர்க்கிறார்கள், அவ்வளவே. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் காட்டினால் அது நீலமாக ஒளிரும். ரூபாய் நோட்டுப் பருத்தியில் செய்தது, அந்த மருந்து அதில் கிடையாது, அதனால்தான் நல்ல நோட்டின் தாள் அந்த விளக்கில் மங்கலாகத் தெரிகிறது. மிகையான வெள்ளை சில பிள்ளைகளுக்குக் கண் கூசும். லேசான சந்தன நிறத் தாள் இராப் படிப்புக்கு நல்லது என்பது நமது கருத்து. ஆனால் கடையில் வெள்ளைதான் முதலில் விற்கும். வாடிக்கையாளரிடம் வாதாட முடியாது, இரண்டையும் வையுங்கள்.

தைப்பு, பின், பசை என்று மூன்று விதக் கட்டு இருக்கிறது. நடுப்பக்கத்தைத் திறந்து இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுத்தால் எது நிற்கும் என்று தெரிந்துவிடும். தூத்துக்குடி, இராமேஸ்வரம் போன்ற கடற்கரை ஊர்களில் பின் அடித்த நோட்டைப் பழைய இருப்பாக வைத்திருக்கக் கூடாது. உப்புக் காற்றில் பின் துருப்பிடித்து நடுத்தாளெல்லாம் பழுப்பாகிவிடும்.

பேனா வாங்கும்போது அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, பழைய சரக்கா என்று மட்டும் பாருங்கள். டப்பாவில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் பால் பேனா கசியும், ஜெல் பேனா காய்ந்துபோகும். ஜெல் எழுத்து அழகுதான், ஆனால் ரீஃபில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதை வாங்குகிறவர் மாற்று ரீஃபில் கேட்டு வருவார், அதையும் வாங்கி வையுங்கள், அதில்தான் லாபம். மைப் பேனா மறுபடி தலைகாட்டுகிறது. சில பள்ளிகளில் கையெழுத்துக்காகக் கேட்கிறார்கள். இராஜமுந்திரியிலும் நமது திருவள்ளூரிலும் கையால் கடைந்த எபோனைட் பேனாக்கள் செய்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். அது மளிகைக்கடைச் சரக்கு அல்ல. சாதாரண மைப் பேனா ஒரு டஜனும் நீல மை அரை டஜன் புட்டியும் வைத்தால் கிராமக் கடைக்குப் போதுமானது.

நம் கணக்குப் புத்தகம்

விற்கிற நோட்டை இவ்வளவு சோதித்த பிறகு, நாம் கணக்கு எழுதும் நோட்டை யோசித்துப் பார்த்தோம். அங்கேதான் நமக்கு உண்மையான பயம் வந்தது.

நம் பாட்டனார் காலத்துப் பேரேடு ஒன்று பெட்டியில் இருக்கிறது. தாள் பழுப்பேறிவிட்டது, எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கிறது. கடுக்காய் மை. கடுக்காயை நசுக்கிக் கொதிக்க வைத்து, இரவு ஊறவிட்டு வடிகட்டி, அதில் அன்னபேதியைப் போட்டால் அந்தக் கணமே கறுத்துவிடும். இரண்டும் நாட்டுமருந்துக் கடையில் இன்றும் கிடைப்பவை. கடுக்காயின் துவர்ப்பும் இரும்புச் சத்தும் கூடி நாரைப் பிடித்துக் கொள்கிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் பத்திரம் எழுதிய மையும் இதே முறைதான், கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்துக் காய். ஆசைக்கு நாமும் காய்ச்சி எழுதினோம். காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் அசையவில்லை. இதை மைப் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அடியில் கசடு கட்டி அடைத்துக்கொள்ளும், எஃகு முனையையும் அரிக்கும்.

கடையில் விற்கும் நீல மை சாயத்தைத் தண்ணீரில் கரைத்தது. எழுதி ஒரு நாள் கழித்துச் சொட்டுத் தண்ணீர் வைத்தோம், எண்கள் ஓடிவிட்டன. பற்றுவரவு நோட்டுக்கு அது ஆகாது. பால் பேனா எழுத்து தண்ணீருக்கு அசையவில்லை, ஆனால் கை துடைக்கும் சானிடைசர் பட்டதும் கரைந்தது. பரவாயில்லை, எண்ணெய்க் கையும் தண்ணீர்க் கையும்தான் கடையில் அதிகம், ஆகவே கணக்குக்குப் பால் பேனாவே மேல்.

உரசினால் அழியும் ஜெல் பேனா ஒன்று இப்போது வருகிறது. பிள்ளைகளுக்கு விளையாட்டு, வியாபாரிக்கு விஷம். அதன் மை ஏறத்தாழ 60 டிகிரி சூட்டில் நிறமிழந்துவிடும். நாம் ஒரு தாளில் பாக்கித் தொகை எழுதி அதன்மேல் வெந்நீர்ச் செம்பை வைத்து எடுத்தோம். செம்பு இருந்த வட்டத்தில் எழுத்தைக் காணோம். தாளை ஐஸ் பெட்டியில் போட்டு வைத்தால் மங்கலாகத் திரும்பி வரும் என்பது வேறு விஷயம். எவராவது தம் பேனாவைக் கொடுத்து "இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்றால், அதுவும் செக்கில் என்றால், உங்கள் பேனாவை எடுங்கள். கறுப்பு மையில் செக் எழுதக் கூடாது என்று 2025 தொடக்கத்தில் ஒரு வதந்தி கிளம்பி நமது கடைவீதியிலும் பலர் கலங்கினார்கள். ரிசர்வ் வங்கி அப்படி எந்த நிறத்தையும் தடுக்கவில்லை.

இன்னும் பெரிய ஆபத்து பில் மெஷினில் வரும் காகிதம். அதில் மையே கிடையாது. தாளில் பூசிய மருந்து சூடு பட்டுக் கறுக்கிறது. அதே தாள் வெயிலில் இருந்தால் முழுதும் கறுக்கும், எண்ணெய் பட்டாலும் சில வகைப் பிளாஸ்டிக் உறையில் வைத்தாலும் எழுத்து வெளுத்துப் போகும். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளையும் பில்களையும் பாதுகாக்க வேண்டும். ஆறு ஆண்டு! நமக்குத் தெரிந்த சில்லறை வியாபாரி ஒருவருக்கு மூன்று ஆண்டுக்கு முந்திய கொள்முதல் குறித்து நோட்டீஸ் வந்தது. பில்லை எல்லாம் பத்திரமாகப் பிளாஸ்டிக் கவரில் அடுக்கி வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். உள்ளீட்டு வரியை எப்படி நிரூபிப்பார்? சரக்குக் கொடுத்தவர்களிடம் நகல் கேட்டு இரண்டு மாதம் அலைந்தார், இரண்டு கடைகள் மூடியே போயிருந்தன. கொள்முதல் பில் இந்தக் காகிதத்தில் வந்தால் அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், அல்லது செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கூடவே, பில் எண், தேதி, தொகை, வரி நாலையும் 70 ஜி.எஸ்.எம்.-க்குக் குறையாத தைத்த ரெஜிஸ்டரில் பால் பேனாவால் எழுதி வைப்பது நமது வழக்கம்.

ஆர்ட் பேப்பர் கேட்டால்

டிராயிங் சரக்கில் பெயர்க் குழப்பம் உண்டு. அச்சுத் தொழிலில் ஆர்ட் பேப்பர் என்றால் கல்யாணப் பத்திரிகை, வண்ணப்படம் அச்சிடும் பளபளப்புப் பூச்சுக் காகிதம். ஓவியம் வரையும் பிள்ளை ஆர்ட் பேப்பர் கேட்டதென்று அதை வாங்கி வைத்தால் பென்சிலும் பிடிக்காது, வாட்டர் கலரும் ஒட்டாது. டிராயிங் பேப்பர், கார்ட்ரிட்ஜ் பேப்பர் என்று கேட்டு வாங்க வேண்டும். சொரசொரப்பு இருந்தால்தான் பென்சில் பிடிக்கும். வாட்டர் கலருக்கு மெல்லிய தாள் உதவாது. நார் தண்ணீர் குடித்து உப்பி அப்பளம் மாதிரி நெளிந்துகொள்ளும். 200 ஜி.எஸ்.எம்.-க்கு மேல் வேண்டும். இங்கும் ஏ4 தாள் பதினாறைத் தராசில் வைத்தால் வரும் கிராம்தான் ஏறத்தாழ ஜி.எஸ்.எம்.

பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959 முதல் நடக்கிறது. பருத்திக் கழிவில் கையால் அள்ளிப் போடும் தாள். நாம் சில தாள் வரவழைத்து வண்ணம் தீட்டிப் பார்த்தோம். ஈரம் பட்டும் நெளிவு குறைவு, இரண்டு முறை கழுவித் தீட்டியும் பஞ்சு எழவில்லை. விலை கூடுதல்தான். பள்ளி ஓவியப் போட்டிக்குப் போகும் பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்காகப் பத்துத் தாள் வைத்திருக்கும் கடைக்கு அந்த வீட்டார் மற்றச் சாமானுக்கும் வருவார்கள்.

வரி விஷயம் பலருக்கு இன்னும் தெளியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பள்ளி நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான் ஆகியவற்றுக்கு வரி இல்லை. ஜாமெட்ரி பாக்ஸ், கலர் பாக்ஸ் 5 சதவீதம். பேனாவுக்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. பழைய 12 சதவீதத்தைச் சேர்த்து நோட்டு விலை சொல்கிறவர் இருந்தால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வரியில்லாத சரக்குக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது என்பதையும், ஒரே பில்லில் பேனாவும் நோட்டும் வந்தால் கணக்கரிடம் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு இலவசமாகக் கிடைக்கிறது. தனியார் பள்ளிகள் பல தாமே செட்டாகக் கொடுத்துவிடுகின்றன. நமக்கு மிஞ்சுவது வீட்டுப்பாட நோட்டு, டியூஷன் நோட்டு, பாதியில் தீர்ந்துபோன நோட்டு. ஆகவே ஜூனில் மொத்தமாகக் குவிப்பதைவிட, வருடம் முழுவதும் மாதத்துக்கு இரண்டு டஜன் எடுப்பதுதான் கிராமக் கடைக்குப் பொருந்தும். சுவர்க்கடிகாரத்துக்கு ஆசைப்பட்டு நூறு டஜன் எடுத்தவர்கள் கார்த்திகையில் கரையானுக்குப் படைத்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆர்டர் கொடுக்கும்போது ஜி.எஸ்.எம்., பக்கம், அளவு மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒப்புக்கொண்ட மாதிரி நோட்டின் முதல் தாளில் ஏஜெண்டிடம் கையெழுத்தும் தேதியும் வாங்கிக் கல்லாப் பெட்டியில் வையுங்கள். சரக்கு வந்த அன்றே, கட்டைப் பிரித்து நடுவிலிருந்து இரண்டு நோட்டை உருவித் தராசில் வைத்துப் பாருங்கள். நாம் இந்த ஆண்டு 58 ஜி.எஸ்.எம்., 192 பக்கம், தைத்த கட்டு என்று எழுதி வாங்கி ஆர்டர் கொடுத்திருக்கிறோம். சரக்கு சித்திரைக் கடைசியில் வரும் என்கிறார்கள். நமது கடையில் இப்போது நோட்டுக்கென்றே ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று மேஜைமேல் இருக்கிறது. எவரிடம் வாங்கிய நோட்டானாலும் கொண்டு வந்து நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.